டீமில் எல்லோருக்கும் தெரிந்தது மேனேஜரான எனக்கு மட்டும் தெரியவில்லை. எங்கே தவறினேன்?

கேள்வி: புதுப்பொறுப்பு

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன் என்னை மேனேஜர் ஆக்கினார்கள். மென்பொருள் வேலை, டீமில் பதினோரு பேர். அதே டீமில் ஐந்து வருடம் நானும் ஒருவனாக வேலை பார்த்தவன்தான். சிக்கலான வேலை எது வந்தாலும் என்னிடம்தான் வரும், அதை வைத்துத்தான் பதவியும் கொடுத்தார்கள். ஆனால் ஆட்களை எப்படி நடத்துவது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை கோடு எழுதிக்கொண்டிருந்தேன், திங்கட்கிழமை காலையிலிருந்து பதினோரு பேருடைய லீவு, அப்ரைசல், மனத்தாங்கல், டெட்லைன் எல்லாம் என் பொறுப்பு.

நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. லீவு கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. ‘எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம்’ என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நல்லபடியாகத்தான் நடந்துகொள்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் டீமில் எனக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ரிசைன் செய்தார். கடைசி நாளன்று அவருடன் தனியாக உட்கார்ந்து, எதனால் போகிறீர்கள், மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். முதலில் வேறு நல்ல வாய்ப்பு, வீட்டுக்குப் பக்கம் என்று ஏதோ சொன்னார். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார்: ‘இப்போது முடிக்க முடியாமல் திணறுகிறோமே அந்த ப்ராஜெக்ட், அது தள்ளிப்போகும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே எங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.’

ஏன் என்னிடம் யாருமே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஒரு மீட்டிங்கை நினைவுபடுத்தினார். வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான ஒரு பையன், தான் செய்த பகுதியில் பெரிய தவறு இருப்பதாக அன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். நான் கேட்ட முதல் கேள்வி, ‘இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?’ அவ்வளவுதான். திட்டவில்லை. அப்புறம் நானே அவன் லேப்டாப்பை இழுத்து வைத்து அந்தத் தவறை அரை மணி நேரத்தில் சரிசெய்தும் கொடுத்தேன். உதவி செய்ததாகத்தான் எனக்கு நினைவு. ‘அன்றைக்குப் பிறகு அவன் உங்கள் முன்னால் வாயே திறக்கவில்லை, நீங்கள் கவனிக்கவில்லையா’ என்றார். நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. இங்கே பல வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்கள் இருக்கிறீர்கள், மேனேஜருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் அதைவிட அதிகம் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சொல்லுங்கள். ஒரு மேனேஜர் முதலில் கற்க வேண்டியது எது? நடந்துபோனதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?


பதில்: வார்டு_இன்சார்ஜ்

நான் மருத்துவமனையில் செவிலியர். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை, அதில் ஒன்பது வருடம் வார்டு பொறுப்பு. ‘எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம்’ என்று நீங்கள் சொன்னதை உங்கள் ஆட்கள் காதால் கேட்டார்கள். அந்தப் பையன் வந்து பேசியபோது என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

‘ஏன் முன்னாடியே சொல்லவில்லை’ என்பதற்கு அவன் என்ன பதில் சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பயமாக இருந்தது என்று பத்துப் பேர் முன்னால் சொல்வானா? பதிலே சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டு, அவன் கையில் இருந்த வேலையையும் எல்லோரும் பார்க்க நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, அது எனக்குப் புரிகிறது. அவனுக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் துறையில் ஒரு ஆய்வு உண்டு. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையில் வேலை செய்யும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினார். கணக்கு நேர்மாறாக வந்தது, நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அங்கே இருந்தவர்கள் நடந்த தவறை வெளியே சொன்னார்கள், பயம் நிறைந்த வார்டுகளில் மறைத்தார்கள். அதிலிருந்து வளர்த்து 1999ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான், மனதில் பட்டதைப் பயமில்லாமல் சொல்ல முடிகிற டீம்தான் கற்றுக்கொள்ளும் என்ற பேச்சு மருத்துவமனைக்கு வெளியிலும் பரவியது.

இதைப் படிப்பதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். இன்சார்ஜ் ஆன முதல் வருடம் என் வார்டிலிருந்து மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ தவறு அறிக்கைதான் போகும். நல்ல வார்டு என்று பெருமைப்பட்டேன். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு வந்தபோது ஒரு நோயாளியின் குறிப்பேட்டில் இரவு முழுக்கப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் எழுதியிருந்தது. அவருக்கு அப்படிப் பார்க்கச் சொல்லி டாக்டர் யாரும் எழுதவில்லை. இரவுப் பணியில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டாள். பிரஷர் மாத்திரையை இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறாள், பயந்துபோய் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் தனியாக விடிய விடியப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். ‘உங்களிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை சிஸ்டர்’ என்றாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதில் பாதிப் பங்கு என்னுடையது.

அதிலிருந்து யார் என்ன கெட்ட செய்தியோடு வந்தாலும் என் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறேன். ‘சொன்னது நல்லது. நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?’ அவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கழித்து, உட்கார வைத்துக் கேட்பேன். யார் செய்தது என்று தொடங்க மாட்டேன். அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துப் புட்டிகள் ஒரே தட்டில் இருந்தது போன்ற விஷயங்கள் எனக்கே தெரிய வந்தன. ஆறு மாதத்தில் என் வார்டு அறிக்கைகள் எட்டு, பத்து என்று ஏறின. மேலிடத்திலிருந்து ஏன் இவ்வளவு தவறு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நானே போய் வாங்கிக்கொண்டு நானே விளக்கினேன், ஒன்றையும் கீழே தள்ளவில்லை. அந்த வேலைக்குத்தான் இன்சார்ஜ் என்று ஒருவர் தேவை.


பதில்: கீழிருந்து_பார்ப்பவள்

நான் மேனேஜர் ஆனதில்லை, ஆகவும் விருப்பமில்லை. பதினான்கு வருடத்தில் ஏழு மேனேஜர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கேட்டீர்கள் இல்லையா, இது அந்தப் பக்கம்.

நாங்கள் நாள் முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். காலையில் நீங்கள் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று போனால், இன்றைக்கு என்னவோ என்று நான்கு பேர் பேசுவோம். நீங்கள் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்ற கவலையில் போயிருப்பீர்கள், அது எங்களுக்குத் தெரியாது. ‘ஐந்து மணிக்கு வந்து பாருங்கள்’ என்று காரணம் போடாமல் காலை பத்து மணிக்கு மெசேஜ் வந்தால் ஐந்து மணி வரை எனக்கு வேலை ஓடாது. ‘புது ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி’ என்று கூட ஒரு வரி சேர்த்தால் அந்த ஏழு மணி நேரம் எனக்கு மிச்சம். இரவு பதினோரு மணிக்கு அனுப்பிவிட்டு ‘அவசரமில்லை, நாளை பார்த்தால் போதும்’ என்று எழுதினாலும் உடனே எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் அனுப்பியவர் எங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிக்கிறவர். காலையில் போய்ச் சேருகிற மாதிரி நேரம் வைத்து அனுப்பும் வசதி எல்லா மெயிலிலும் இருக்கிறது.

என்னை மிகவும் உடைத்தது ஒரு அப்ரைசல். எட்டு மாதத்துக்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லி மதிப்பீட்டைக் குறைத்தார். தவறு உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டு மாதமும் தினமும் என்னைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அதை மனதிலேயே வைத்திருந்தார் என்று தெரிந்தபோது, அவர் அதுவரை சொன்ன நல்ல வார்த்தை எதையும் என்னால் நம்ப முடியவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அந்த வாரமே திருத்தியிருப்பேன்.

நல்லவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் நான்காவது மேனேஜர், ஒரு பெண். வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் நான் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். அவர்கள் போனில் கோபமாகக் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ‘அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது நான், என் தவறு, இன்று மாலைக்குள் திருத்தி வரும்’ என்றார். என் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை. போனை வைத்த பிறகு என்னிடம் திரும்பி, ‘இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம், நீயே சொல்லு’ என்றார். நான் சொன்ன ஏற்பாட்டைத்தான் அதற்குப் பிறகு முழு டீமும் பின்பற்றியது. நான் நன்றாகச் செய்த வேலையை மேலதிகாரிகளிடம் காட்ட வேண்டி வந்தபோது அவர் காட்டவில்லை, என்னையே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைத்தார். அதே சமயம், சரியில்லாத அறிக்கையை மூன்று முறை திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். எனக்கு ஒரு முறைகூடக் கோபம் வரவில்லை. என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் கேட்டது இரண்டே கேள்வி, எத்தனை நாள் வேண்டும், கையில் இருக்கும் வேலை எதை யாருக்கு மாற்றட்டும். நான் எதற்காக லீவு என்று டீமில் யாருக்கும் அவர் வாயிலிருந்து தெரியவில்லை.

அவருக்குப் பிறகு வந்தவர் எதற்கெடுத்தாலும் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார், ஒரு மெயிலைக்கூட அவர் பார்க்காமல் அனுப்பக்கூடாது. அந்த ஒன்றரை வருடத்தில்தான் எனக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் தொடங்கின. இது என் மனப்பிரமை என்று நினைத்திருந்தேன். பிரிட்டனில் அரசு ஊழியர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வுகள் பற்றிப் பின்னால் படித்தேன். 1985ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள். தங்கள் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தங்களுக்குச் சுதந்திரம் குறைவு என்று சொன்னவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஒரு மேனேஜர் எங்கள் நாளை எப்படி வைக்கிறார் என்பது எங்கள் உடம்பு வரைக்கும் வருகிறது, தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.


பதில்: மூன்றாம்_ஷிப்ட்

தொழிற்சாலை ஆள் நான், சூப்பர்வைசர். மேலே சிஸ்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், எங்கள் துறையிலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை ஒன்று இருந்தது. அந்த நிறுவனத்திலேயே மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம், நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் தீராத சண்டை. 1982ல் மூடிவிட்டார்கள். 1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தை நும்மி என்ற பெயரில் திறந்தார்கள், ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. வேலைக்கு எடுத்தது யாரை? பெரும்பாலும் அதே பழைய ஆட்களை, அதே தொழிற்சங்கத்தோடு. சில வருடங்களுக்குள் வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போனார்கள், காரின் தரம் ஜப்பானில் செய்வதற்குச் சமமாக நின்றது. ஆட்கள் சரியில்லை என்று சொல்கிற எந்த மேனேஜரிடமும் நான் இந்த ஆலையைப் பற்றித்தான் சொல்வேன்.

என்ன மாறியது? பல இருக்கின்றன, நான் ஒன்றை மட்டும் எடுக்கிறேன். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது பெரிய குற்றம், குறையோடு கார் போனாலும் பரவாயில்லை, கடைசியில் ஓரமாக நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு. டொயோட்டா முறையில் ஒவ்வொரு தொழிலாளி தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடும், ஆண்டான் என்பார்கள். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் இழுத்துவிட வேண்டும். இழுத்த உடனே லைன் நிற்காது, விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்யப் பார்ப்பார்கள், முடியாவிட்டால்தான் நிற்கும். ஓடி வருகிறவர் திட்டுவதற்கு வரவில்லை, கை கொடுக்க வருகிறார். அப்படி வந்தால்தான் அடுத்த முறையும் இழுப்பார்கள். கயிறு வாங்குவது சுலபம். ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பழக்கத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக வருடக்கணக்கில் திணறியது, ஏனென்றால் ஓடி வருகிறவரின் குணம் கயிற்றோடு சேர்ந்து வராது.

நீங்கள் கேட்ட ‘முன்னாடியே ஏன் சொல்லவில்லை’, கயிறு இழுத்தவனிடம் இவ்வளவு நேரம் ஏன் இழுக்கவில்லை என்று கேட்பது மாதிரி.

என் அனுபவம் ஒன்று. தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் லைன் ஓரமாக நடந்து ‘இன்றைக்கு எத்தனை பீஸ்’ என்று கேட்டுக்கொண்டு போவேன். மூத்த தொழிலாளி ஒருவர்தான், ‘எத்தனை என்று போர்டிலேயே இருக்கிறதே, எது இடைஞ்சல் என்று கேளுங்கள்’ என்றார். மறுநாள் அப்படியே கேட்டேன். நான்காவது ஸ்டேஷனில் இருந்தவர், பாகங்கள் வைத்திருக்கும் பெட்டி தரையில் இருப்பதால் ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான முறை குனிய வேண்டியிருக்கிறது, இடுப்பு போய்விட்டது என்றார். இரண்டு வருடமாக அப்படித்தான் குனிந்துகொண்டிருந்திருக்கிறார். பழைய கம்பிகளை வெல்டு செய்து ஒரு ஸ்டாண்டு போட ஒரு மதியம்தான் ஆனது. இரண்டு வருடமாக நான் அவரைத் தினமும் கடந்து போயிருக்கிறேன்.

உங்கள் வேலையில் தரையில் கிடக்கும் பெட்டி கண்ணுக்குத் தெரியாது, அதனால் நீங்கள் எங்களைவிட அதிகமாகக் கேட்க வேண்டியிருக்கும்.


பதில்: சிறுதொழில்_30பேர்

கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், கோபப்பட வேண்டாம். முப்பது பேரை வைத்துச் சொந்தமாகத் தொழில் நடத்துகிறேன்.

முதலில் சம்பளம். நல்ல மேனேஜர் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1913ல் ஃபோர்டு ஆலையில் வேலையை விட்டுப் போகிறவர்கள் விகிதம் வருடத்துக்கு நூற்றுக்கு 370, அதாவது ஒரு இடத்தை நிரப்பி வைக்க வருடத்தில் நான்கு பேர் வரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் தகுதி பெற்றவர்களுக்கு நாள் வருமானத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்து, வேலை நேரத்தையும் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார்கள். அதன் பிறகு விட்டுப்போகிறவர்கள் எண்ணிக்கை மடமடவென்று இறங்கியது. அதே கையோடு, அந்தப் பணத்துக்குத் தகுதியானவரா என்று பார்க்கத் தொழிலாளர்களின் வீடுகளுக்கே ஆள் அனுப்பி எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்தார்கள், அது எனக்கு ஏற்பில்லை. பணம் கொடுத்துவிட்டால் மனிதனையே வாங்கிவிட்டதாக ஆகாது. ஆனால் நியாயமான சம்பளம் கொடுக்காமல் அன்பாகப் பேசுவதையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் கையில் சம்பளம் இல்லாமல் இருக்கலாம். மேலே போய் அவர்களுக்காகக் கேட்பது உங்கள் கையில் இருக்கிறது, கேட்டீர்களா?

அடுத்தது, நல்லவராக இருப்பது. நான் அதில்தான் தோற்றேன். என்னிடம் ஒருவர் இரண்டு வருடம் சரியாக வேலை செய்யவில்லை. நேரத்துக்கு வரமாட்டார், பொறுப்பேற்றதை முடிக்கமாட்டார். மனம் நோகுமே என்று நான் சொல்லாமல் விட்டேன், அவர் விட்ட வேலையை வேறு இரண்டு பேரிடம் கொடுத்து ஓட்டினேன். அந்த இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்கள், அதனால்தான் அவர்களிடம் கொடுத்தேன். ஒரே வருடத்தில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் யாரிடம் அன்பாக இருந்தேன், யாருக்கு அநியாயம் செய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு அவரை உட்கார வைத்துப் பேசினேன், ரொம்பத் தாமதமாக. ‘இரண்டு வருடமாக நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே, சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே சொல்லாமல் இருப்பது உங்கள் டீமில் கீழே இருந்து நடந்தது, என்னிடம் மேலிருந்து நடந்தது. இரண்டும் ஒரே வியாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் தேவை. க்ளூகர், டிநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996ல், வேலை எப்படி இருக்கிறது என்று கருத்துச் சொல்வதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சமயங்களில் கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமானது. பேச்சு செய்த வேலையைவிட்டு அந்த ஆளைப் பற்றியதாகத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நான் அனுபவத்தில் பார்த்ததும் அதுதான். ‘உங்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்றால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். ‘செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்ன பட்டியல் வெள்ளிக்கிழமை வந்தது, அதனால் லாரி ஒரு நாள் காத்திருந்தது’ என்றால் பேச ஏதோ இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வேலையில் கெட்டிக்காரர் என்பதால் மேனேஜர் ஆக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூகுள் தன்னுடைய மேனேஜர்களை வைத்தே ஒரு பெரிய ஆய்வு செய்தது, நல்ல மேனேஜரிடம் இருக்கும் எட்டுக் குணங்களைப் பட்டியலிட்டார்கள். ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ப்பது முதல் இடம், தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடம். அது தேவையில்லை என்று அர்த்தமில்லை, பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. லேப்டாப்பை உங்கள் பக்கம் இழுத்த அந்த அரை மணி நேரத்தில், நீங்கள் எட்டாவது குணத்தைக் காட்டினீர்கள், முதல் குணத்துக்குக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டீர்கள்.


பதில்: புதுப்பொறுப்பு

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை படித்தேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம், ஏதாவது செய்துவிட்டு வந்து எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது.

முதலில் அந்தப் பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். அப்புறம், நடந்தது எல்லோர் முன்னாலும்தானே என்று தோன்றியது. அவனிடம் முதல் நாளே போய், ‘நாளை மீட்டிங்கில் நான் அன்றைய விஷயத்தைப் பேசலாமா, உனக்குச் சங்கடமாக இருக்குமா’ என்று கேட்டேன். பரவாயில்லை சார் என்றான். மறுநாள் சொன்னேன்: அவன் அன்று சொன்னதால்தான் ஒரு பெரிய தவறு வெளியே போகாமல் நின்றது, நான் நன்றி சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்டேன், அது என் தவறு. ப்ராஜெக்ட் தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம், மேலிடத்தில் அதை நானே சொல்லிவிட்டேன்.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பயங்கர அமைதி. ‘யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று கேட்டேன், அதற்கும் அமைதி. வெளியே வந்தபோது எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கி ‘எது இடைஞ்சல்’ என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன். முதல் நான்கு பேர் ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்தாவது ஆள், டீமில் மிகவும் அமைதியானவர், பத்து நிமிடம் வேறு எதையோ பேசிவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தினமும் காலையில் நான் வைத்திருக்கும் மீட்டிங் நாற்பது நிமிடம் போகிறது, அதனால் அவருடைய நல்ல நேரம் முழுக்க வீணாகிறது. இன்னொன்று, இரண்டு வருடமாக அவர் சம்பளம் அதே வேலை செய்யும் மற்றவர்களைவிடக் குறைவு என்று நினைக்கிறார், என்னிடம் கேட்கக் கூச்சம். நான் பேசாமல் எழுதிக்கொண்டேன். உடனே விளக்கம் கொடுக்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பையன் இன்னும் என்னிடம் தானாக வந்து பேசவில்லை.


பதில்: வார்டு_இன்சார்ஜ்

பையன் வருவதற்கு நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள். என்னிடம் அழுத அந்தப் பெண் மறுபடி ஒரு தவறைத் தானாக வந்து சொல்ல ஏழு மாதம் ஆனது.

அந்த ஐந்தாவது ஆள் இப்போது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்து கேள்விப்பட்டு முதல் நான்கு பேரும் பார்ப்பார்கள். மீட்டிங் உங்கள் கையில் இருக்கிறது, அதை இந்த வாரமே மாற்றுங்கள், யார் சொல்லி மாற்றினீர்கள் என்று அவர் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். சம்பளம் உங்கள் கையில் இல்லை. அதனால் யாரிடம் கேட்கப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், பதில் வராவிட்டாலும் அந்தத் தேதியில் போய் இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். முடியாது என்று வந்தால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். பாதியில் சத்தமில்லாமல் விட்டுவிட்டால் அவர் இனி வாய் திறக்கமாட்டார்.


பதில்: புதுப்பொறுப்பு

சரி சிஸ்டர். மீட்டிங்கைத் திங்கட்கிழமையிலிருந்து பதினைந்து நிமிடமாக்கிவிட்டேன், வாரத்துக்கு மூன்று நாள்தான். சம்பளம் பற்றி ஹெச்ஆரிடம் நேற்றே எழுத்தில் கேட்டிருக்கிறேன். வரும் 20ஆம் தேதி மதியம் அவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன், பதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.